மஞ்சள் குழாயும் முகூர்த்தக்காலும்

எங்கள் தெருவில் கேஸைக் குழாயில் விடப்போகிறார்கள் என்று முதலில் சொன்னவர் என் வீட்டுக்காரர். சமயநல்லூர்ப் பக்கமிருந்து தோண்டிக்கொண்டே வருகிறார்களாம், கூடிய சீக்கிரம் நம் தெருவுக்கும் வந்துவிடுமாம், சிலிண்டருக்குப் போன் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக் கிடக்கிற வேலை இனிமேல் இல்லையாம். அவர் எந்தச் சேதியைச் சொன்னாலும் அது நல்லதாகத்தான் முடியும். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். என்ன குழாய்? பிளாஸ்டிக் என்றார். நமக்கு வேண்டாம் என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பின்னே என்ன? எங்கள் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற பிளாஸ்டிக் குழாய் மதுரை வெயிலில் வெளுத்துப் போய், மூட்டு விட்டு, இரண்டு தரம் என் சமையல்கட்டை நனைத்திருக்கிறது. தண்ணீரைத் துணி போட்டுத் துடைத்துவிடலாம். கேஸை எதைப் போட்டுத் துடைப்பது?

நான் சந்தேகக்காரி. தெருவில் எனக்கு அப்படித்தான் பெயர், எனக்கும் அதில் வருத்தம் இல்லை. சிலிண்டர் போடுகிற ஆளை நிறுத்திவைத்து, கொக்கித் தராசில் தொங்கவிட்டு நிறுத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவேன். ரவிக்கை தைக்கிறவள் நான். துணி கொண்டுவருகிற எவளும் தன் உடம்பைப் பற்றி உண்மை சொல்லமாட்டாள். போன வருஷ அளவே போதும்க்கா என்பாள். டேப்பை வைத்தால்தான் உண்மை வெளியே வரும். காலமெல்லாம் இப்படி அளந்தே பிழைத்தவளுக்கு வேறு என்ன புத்தி வரும்?

தோண்டுகிற ஆட்கள் ஒரு நாள் எங்கள் தெருவுக்கும் வந்துவிட்டார்கள். ஆள் உயரத்துக்குச் சுருட்டிய மஞ்சள் குழாயை லாரியிலிருந்து உருட்டி இறக்கினார்கள். மேற்பார்வைக்கு ஓர் இளைஞன் தலையில் தொப்பியோடு நின்றான். அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பையன், டிப்ளமோ படித்தவன். தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் போய் அவனைப் பிடித்துக்கொண்டேன். நான் கேட்ட அத்தனைக்கும் அவன் பதில் சொன்னான். தெருக்குழாயில் நாலு கிலோ பிரஷர் இருக்கும், வீட்டுக்குள் போகும்போது அதைக் குறைத்துவிடுவோம் என்றான். இது பசை போட்டு ஒட்டுகிற குழாய் இல்லை, சூடு வைத்து உருக்கி ஒன்றாக்குவது என்றான். இரும்பு என்றால் மண்ணுக்குள் துருப்பிடிக்கும், இது பிடிக்காது, ஒரு மீட்டர் ஆழத்தில் யார் கையும் படாமல் கிடக்கும் என்றான். பொறுமையாகச் சொன்னான். பொறுமையாகப் பதில் சொல்கிறவனைக் கண்டால் எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிடும்.

கேஸ் விடுவதற்கு முன்னால் குழாயில் காற்றை ஏற்றி, முனையில் ஒரு மீட்டரைப் பொருத்திவிட்டுப் போனார்கள். எங்காவது ஒழுகினால் முள் இறங்குமாம். நான் தைத்துக்கொண்டே பகல் முழுக்க அந்த முள்ளைப் பார்த்தேன். இறங்கவில்லை. எழுந்து போய் மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். அப்போதும் இறங்கவில்லை. மீட்டர் கெட்டுப் போயிருக்கும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனிதர் வாயில் இருந்த காப்பியைத் துப்பாத குறைதான், அப்படிச் சிரித்தார்.

ஆனால் ஒன்று நடந்தது. அந்த மீட்டரை வைப்பதற்கு முன்னால், எங்கள் வீட்டு முன்னால் குழி வெட்டிய அன்றைக்கு அந்தப் பையன் வேறு தெருவில் இருந்தான். வெட்டுகிறவர்கள் பழைய சாக்கடையின் கல்பலகையில் போய் முட்டிக்கொண்டார்கள். அதை உடைத்தால் நாற்றம், வேலை, தெருக்காரர் சண்டை. என்ன செய்தார்கள் தெரியுமா? குழாயைக் கல்லுக்கு மேலே தூக்கிவிட்டு, அந்தப் பக்கம் மறுபடி இறக்கிக்கொண்டார்கள். நான் இடுப்பில் கிடந்த டேப்போடு குழிக்குள் குனிந்து அளந்தேன். தரையிலிருந்து குழாயின் முதுகுக்குப் பதினெட்டு இஞ்சு. ஒரு முழம். மேஸ்திரி என்னைப் பார்த்து, இது என்ன ஜாக்கெட்டா ஆத்தா என்றார். சாயங்காலத்துக்குள் மூடிவிட்டார்கள். மறுநாள் அந்தப் பையனிடம் சொன்னேன். போய் மேஸ்திரியிடம் கேட்டுவிட்டு வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது அம்மா என்றான். அவன் தோண்டிப் பார்க்கவில்லை, கேட்டுத்தான் வந்தான். கேஸும் வந்தது. தெரு முழுக்கக் குழாய் அடுப்புக்கு மாறியது, நான் மட்டும் சிலிண்டரில் இருந்தேன்.

வேலை நடந்த நாட்களில் அந்தப் பையன் எங்கள் வாசலில் தண்ணீர் கேட்டிருக்கிறான். கொடுத்தது என் மகள். ஊரில் நடக்கிற அத்தனையையும் சந்தேகப்பட்ட எனக்கு அந்தச் சொம்பு கண்ணில் படவில்லை பாருங்கள். ஸ்கேன் சென்டர் ஒன்றில் வேலை பார்க்கிற பெண், கெட்டிக்காரி. ஒரு வருஷம் கழித்து நேராக வந்து உட்கார்ந்து, அவரைத்தான் கட்டிக்குவேன் என்றாள்.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல உடனே சரி என்று சொன்னார். நான் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி அலங்காநல்லூர் போய், அவன் ஊர் டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்தேன். குடி இல்லை, கடன் இல்லை, வம்பு இல்லை என்றார்கள். ஒரு குறையும் இல்லாத ஆள் எப்படி இருக்க முடியும் என்று அடுத்த மாதம் மறுபடி போனேன். அப்போதும் அதே பேச்சு. அவன் தாத்தா ஊரார் வயலில் கூலிக்கு நின்றவர், இன்றைக்கு அவர்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. எங்கள் சனத்தில் முணுமுணுப்பு எதற்கு என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லை. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பவேண்டாம். நானே என்னை முழுசாக நம்பவில்லை.

கடைசியில் சம்மதம் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன், மகள் முகம் வாடிக் கிடப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் வாய் சொன்னதை முகம் சொல்லவில்லையோ என்னவோ, அவள் நம்பவில்லை. புடவை எடுக்கப் போன இடத்தில் ஜரிகையைச் சுரண்டிப் பார்த்தேன். கல்யாணத்தைத் தள்ளிப்போட வழி தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். மண்டபத்தில் ஜெனரேட்டரை ஓடவிட்டுக் காட்டச் சொன்னேன். அதற்கும் அதேதான். எனக்குச் சம்மதம்டீ என்று எத்தனை தரம் சொல்வது? சொல்லச் சொல்ல அவளுக்கு இன்னும் சந்தேகம் கூடியது. என் வயிற்றில் பிறந்தவள்தானே.

வாடிப்பட்டியில் இருக்கிற என் அண்ணனுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. ஆனாலும் தாய்மாமன் மரியாதையை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் வந்து முன்னால் நின்றார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீட்டு வாசலில் முகூர்த்தக்கால் ஊன்றுவதற்கு நேரம் குறித்தார். வீட்டுக்கு ஈசானிய மூலை எது என்று அவரே நின்று பார்த்து, கேட்டுக்கு வெளியே மண் தெரிகிற இடத்தில் அடையாளம் போட்டிருக்கிறார். நான் உள்ளே நவதானியம் எடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே கடப்பாரை இறங்குகிற சத்தம் கேட்டது. எந்த இடத்தில் இறங்குகிறது என்பது எனக்கு அடுத்த சத்தத்தில்தான் உறைத்தது. நவதானியத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ஓடிப்போய் அந்தக் குழியில் என் காலை வைத்தேன்.

பந்தல்காரர் ஓங்கிய கடப்பாரையை அந்தரத்தில் நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் ஏமாந்திருந்தால் என் பாதம் போயிருக்கும். கீழே கேஸ் குழாய் இருக்கிறது, வேறு இடத்தில் ஊன்றுங்கள் என்றேன். அண்ணன் குழாய் ஆளுயரத்துக்குக் கீழே கிடக்கும் என்றார், மூலை மாறக்கூடாது என்றார், நேரம் போகிறது என்றார். அப்படியென்றால் ஒரு பெயிண்ட் டப்பாவில் மணலைப் போட்டு அதில் நட்டுவைப்போம், இப்போது தார்ரோட்டில் எல்லாம் அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன்.

“மண்ணுல ஊனாத கால் என்ன காலுத்தா? காலை எடு.”

நான் எடுக்கவில்லை. மஞ்சள் பூசி மாவிலை கட்டிய கால் சுவரில் சாய்ந்து கிடக்கிறது, தட்டில் சூடம் எரிகிறது, பத்தி புகைகிறது, தெருப் பெண்கள் எல்லாம் நல்ல புடவையில் நிற்கிறார்கள், கல்யாணப் பெண்ணின் அம்மா நான் குழிக்குள் ஒற்றைக்காலை விட்டுக்கொண்டு கொக்கு மாதிரி நிற்கிறேன். யாரோ சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. வாசற்படியிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

“ஒனக்கு இந்தக் கல்யாணம் புடிக்கலைன்னா நேரா சொல்லும்மா. குழாயச் சொல்லாத.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. காலை எடுக்காமலே போனை வாங்கி அந்தப் பையனைக் கூப்பிட்டேன். கல்யாணப் பேச்சு வந்த பிறகு அதுவரைக்கும் நானாக அவனிடம் ஒரு தரம்கூடப் பேசியதில்லை. விஷயத்தைச் சொன்னதும், அங்கே ஒரு மீட்டர் ஆழம் இருக்கும் அத்தை என்றான். இல்லை தம்பி, நான் அளந்திருக்கிறேன், பதினெட்டு இஞ்சு, அன்றைக்கே உங்களிடம் சொன்னேன் என்றேன். சால்ஜாப்பு சொல்லப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

“அங்கயே நில்லுங்க அத்த. யாரும் குத்த வேணாம். இந்தா வாரேன்” என்றான்.

பைக்கை நிறுத்திய கையோடு அவன் செய்த முதல் வேலை, சூடத்தையும் பத்தியையும் அணைக்கச் சொன்னது. என் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. கால் ஊன்ற வந்த இடத்தில் சூடத்தை அணைக்கச் சொல்கிற மாப்பிள்ளையை அவர் எங்கே கண்டார்? எல்லாரையும் எதிர்ச்சாரிக்குப் போகச் சொன்னான். போனார்கள். என்னையும் போகச் சொன்னான். நான் போகவில்லை. அவன் எதை மூடுகிறான், எதைத் திறக்கிறான் என்று நான் கிட்டே நின்று பார்க்காமல் வேறு யார் பார்ப்பது? இனி சொல்லிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டு முட்டி போட்டு உட்கார்ந்தான். கடப்பாரையைத் தொடவில்லை, கையாலேயே மண்ணை அள்ளினான். அதிக நேரம் அள்ளவேண்டியிருக்கவில்லை, மஞ்சள் தெரிந்துவிட்டது.

அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அதற்குள் என் கண் குழாயில் இருந்தது. முதுகில் ஒரு கோடு. கடப்பாரை முனை உரசிக்கொண்டு போன கோடு. நான் நவதானியம் எடுத்துக்கொண்டிருந்தபோது இறங்கிய அடிகளில் ஒன்று. அவன் அதில் நகத்தை வைத்து இழுத்தான். நகம் மாட்டியது.

கேஸ் வருகிறதா என்று கேட்டேன். மூக்கை வைத்து நானும் இழுத்துப் பார்த்தேன், வாடை இல்லை. இப்போது ஒழுகவில்லை என்றான். பிறகென்ன என்றேன்.

“சும்மா கெடக்குற குழாய்னா கீறல் கீறலாவே கெடக்கும் அத்த. இதுல உள்ளேருந்து தள்ளிக்கிட்டே இருக்கு. இன்னைக்கி ஒண்ணும் ஆகாது. என்னைக்கி ஆகும்னு எனக்குத் தெரியாது” என்றான்.

ஆபீசுக்குச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். தெரு முழுக்க கேஸை நிறுத்திவிட்டு வந்து இந்தத் துண்டை வெட்டி மாற்றுவார்கள் என்றான். உங்களுக்கு என்ன ஆகும் என்றேன். இந்தத் தெரு சரியாக இருக்கிறது என்று மேலே சொன்னது அவன்தான். வேலைக்கே ஆபத்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எதிர்ச்சாரியில் என் மகள் நிற்கிறாள். கை இரண்டையும் கோத்து இறுக்கிக்கொண்டு எங்களையே பார்க்கிறாள். என்ன பேசுகிறோம் என்று அவளுக்குக் கேட்காது. மாப்பிள்ளைக்கு வேலை போனால் என் அண்ணன் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அவர் இப்படி ஒரு சாக்குக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து, என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குச் சொன்னேன்.

“மண்ணத் தள்ளி மூடிருங்க தம்பி. ஒங்களையும் என்னையும் தவிர யாரும் பாக்கல. கல்யாணம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு, நீங்களா கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிக்கலாம்.”

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மெதுவாகத்தான் பேசினான்.

“அன்னைக்கி நீங்க சொல்லியும் நான் குனிஞ்சு பாக்கல அத்த. இன்னைக்கிப் பாத்துட்டேன். இதுக்கு மேல நின்னுதான நீங்க தெனமும் கோலம் போடுறீங்க? நான் மூட மாட்டேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவன் யோக்கியன் என்பதை நிரூபிக்க என் மகள் வாழ்க்கைதானா கிடைத்தது என்று பொருமினேன். அவன் எழுந்து தூரமாகப் போய்ப் போனில் பேசினான். ஒளித்துப் பேசவில்லை. ஆழம் குறைவு, நான் சரிபார்க்காமல் சொல்லிவிட்டேன், கீறல் விழுந்திருக்கிறது என்று அவன் சொன்னது தெருவுக்கே கேட்டது. முழுதும் கேட்டுவிட்டுத்தான் நான் உள்ளே போனேன்.

வண்டி வந்தது, ஆட்கள் வந்தார்கள், கயிறு கட்டினார்கள், தெருவில் அத்தனை அடுப்பும் அணைந்தது. குழாய் அடுப்புக்காரர்கள் பாலையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு என் சமையல்கட்டுக்குத்தான் வந்தார்கள். கொதிக்கிற வரைக்கும் என் வீட்டைத் திட்டிக்கொண்டே நின்றார்கள், நானும் பதிலுக்குத் திட்டிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தேன். குறித்த நேரத்துக்கு முகூர்த்தக்கால் ஊன்றவில்லை. பந்தல்காரர் கடப்பாரையைத் துடைத்துவிட்டு, ஆகும்போது சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

சாயங்காலம் சேதி வந்தது. விசாரணை முடிகிற வரைக்கும் அந்தப் பையன் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அவனேதான் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னான். நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் சரி மாமா என்றானாம். என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல்தடவையாக நல்லதாக ஒன்றும் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் நாற்காலியை இழுத்துக் கூடத்தின் நடுவில் போட்டுக்கொண்டார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாதா? வேலையில்லாதவனுக்கு எவன் பெண் கொடுப்பான், பத்திரிகை வைத்தால் வைத்ததாக இருக்கட்டும், அபசகுனமும் ஆகிவிட்டது, இதோடு நிறுத்திக்கொள்வோம் என்றார். சனத்தில் அதற்குத் தலையாட்டவும் ஆள் இருந்தது.

மகள் அறையிலிருந்து வந்து சுவர் ஓரமாக நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவள் மாமனைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“இப்பத் திருப்தியாம்மா?”

அவளிடம் என்ன சொன்னாலும் நம்பமாட்டாள். அண்ணனைப் பார்த்துத் திரும்பினேன்.

“அண்ணே, அந்தக் குழிய மூடச் சொன்னது நானு. வேல போயிரும்னு தெரிஞ்சும் மூட மாட்டேன்னது அவரு. நான் அம்புட்டுச் சீக்கிரம் யாரையும் நம்ப மாட்டேன், ஒனக்கே தெரியும். இவர நம்புறேன். வேல இருந்தாலும் இல்லாட்டியும் இவருதான் என் மருமகன். நீ முன்னால நிக்கிறதுன்னா நில்லு, இல்லாட்டி நானே காலை ஊனிக்கிறேன்.”

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பந்தல்காரர் நம்பர் யாரிடம் இருக்கிறது என்று கேட்டபடி வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“மூடச் சொன்னியா? நீயா?” என்றாள்.

ஆமாம் என்றேன்.

“பொய் சொல்லச் சொன்னியா? அவர்ட்டயா?”

“ஆமாடீ. ஒங் கல்யாணம் நிக்கக் கூடாதுன்னுதான்.”

அவள் வந்து என் காலடியில் தரையில் உட்கார்ந்து, என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். உடம்பு குலுங்கியது, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தக் கல்யாணத்தில் எனக்குச் சம்மதம் என்று மாதக்கணக்காக உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் ஒருநாளும் நம்பவில்லை. ஒரு பொய்க்குத் துணிந்தேன் என்று கேட்டதும்தான் நம்பினாள்.